2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல் விழா, பிள்ளைகளின் மாலை நேர டியூசன், தீபாவளி அன்பளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தைப்பூசத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 10, இரதம் புறப்பட்ட நாள். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரம் நம் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்ற ஒரு தம்பி அப்படியே விறைத்துச் சாய்ந்தார். கையிலிருந்த மோர் என் காலில் கொட்டியது. "சாமி வந்திருச்சு, திருநீறு பூசுங்க" என்றார் ஒருவர். "காக்கா வலிப்புங்க, சாவியக் கையில குடுங்க" என்றார் இன்னொருவர். உண்மையைச் சொல்கிறேன், என் கையும் சாவியைத் தேடிப் பைக்குள் போனது. அதற்குள் அவருடைய அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, துண்டை மடித்து மகன் தலைக்கடியில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "கையக் கால அழுத்தாதீங்கய்யா. வாயில எதையும் வைக்காதீங்க." துடிப்பு அடங்கியதும் மகனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க வேண்டும் என்று பிறகு சொன்னார். தம்பி தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் பாத்துட்டாங்களாம்மா?"

விரதம் என்று அவர் மூன்று நாளாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். முதல் நாள் இரவு தூக்கமும் இல்லை. வலிப்பு வர இவையே போதும். பிப்ரவரியின் இரண்டாம் திங்கட்கிழமை அனைத்துலக வலிப்பு நோய் நாள். அன்றுதான் அது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த அம்மாவையும் நம் உறுப்பினரான ஒரு தாதியையும் ஏப்ரல் கூட்டத்தில் பேச அழைத்தோம். விழுந்ததைவிடக் காதில் விழுந்த பேச்சுதான் மகனை அதிகம் வருத்தியது என்றார் அம்மா. காக்காய் வலிப்பு என்பது காலங்காலமாகச் சொல்லும் பெயர்தானே என்று மூத்தவர் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். கால் கை வலிப்பு என்பதே வாய்வழக்கில் காக்காய் வலிப்பாகத் திரிந்தது என்பார்கள். காகத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மலாயில் இதற்கு 'கிலா பாபி' என்றொரு பழைய பெயர் உண்டு. பன்றிப் பைத்தியம்! பெற்ற பிள்ளையை அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? கொரியர்கள் தங்கள் பழைய பெயரைக் கைவிட்டு, மூளையின் மின்சாரத்தைக் குறிக்கும் புதுப் பெயரை வைத்துக்கொண்டார்கள். நோயும் அதுதான்: மூளை நரம்பணுக்களில் திடீரென்று அளவு மீறும் மின் துடிப்பு. அது பேயுமில்லை, பைத்தியமுமில்லை, தொற்றுவதுமில்லை.

தாதி இன்னொன்றைத் தெளிவாக்கினார். காய்ச்சலில் குழந்தைக்கு ஒரு முறை வலிப்பு வந்தால் அதை வலிப்பு நோய் என்று சொல்லிவிடக் கூடாது. கைகால் இழுக்காமல், சில நொடி வெறித்துப் பார்ப்பதோடு முடியும் வலிப்பும் உண்டு. இதைக் கேட்டதும் நம் டியூசன் ஆசிரியைக்கு முகம் மாறிவிட்டது. பாடத்தின் நடுவே இப்படி நின்றுபோகும் ஒரு பிள்ளையைக் கனவு காண்கிறாய் என்று பலமுறை அதட்டியிருக்கிறாராம். மறுநாளே பெற்றோரிடம் பேசினார்.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் ஏறக்குறைய 5 கோடி பேர் இந்த நோயுடன் வாழ்கிறார்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். அப்புறம் எதற்கு 'வலிப்புக்காரன்' என்று ஆளுக்கே முத்திரை குத்த வேண்டும்? 'வலிப்பு நோய் உள்ளவர்' என்போம். அவருக்குப் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லியே கூப்பிடுவோம்.

நம் சுற்றுலாப் படிவத்தில் "காக்காய் வலிப்பு உள்ளவர்கள் பதிய வேண்டாம்" என்ற வரி பல ஆண்டுகளாக இருந்தது. அதை அச்சுக்கு அனுப்பியவன் நான்தான். வருந்துகிறேன். ஜூன் மாதம் அதை நீக்கிவிட்டு, "மருந்து நேரம், தேவைப்படும் உதவி" என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தோம்.

வரும் தைப்பூசம் 2026 பிப்ரவரி 1. முதலுதவிக் குறிப்பைப் பந்தல் கம்பத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுகிறோம். அந்தத் தம்பியும் மோர் ஊற்றப் பெயர் கொடுத்திருக்கிறார். தூக்கம் கெடக்கூடாது என்பதால் பகல் முறையில் போட்டிருக்கிறோம். இரவு முறைக்கு இன்னும் ஆள் போதவில்லை. வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்