ஏழு சாந்திகளைத் தேடித் தந்தவர்களுக்கு

வணக்கம்.

இந்த மாதத்தோடு எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஒப்படைக்கிறேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒருநாள் மதியம் முதல்வர் கூப்பிட்டு, "நீங்கதான் எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுறீங்க" என்று சொல்லித் தலையில் கட்டிய வேலை. தமிழ்த்துறையில் வாரம் பதினாறு மணி நேர வகுப்புக்கு மேல் இது 'கூடுதல் பொறுப்பு'. இதற்குச் சம்பளமும் கிடையாது, அறையும் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பச்சை பீரோ மட்டும் உண்டு. அதன் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும்.

இதே வேலையை இதே மாதிரி தலையில் வாங்கிக்கொண்டவர்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று பேர் இருந்தீர்கள். எல்லாமே சின்னக் கலை அறிவியல் கல்லூரிகள். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் ஒரே பேருந்து நிலையத்தில் நம் நான்கு கல்லூரி பிளக்ஸும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தொங்கும். நம் நிர்வாகங்கள் நேரில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அந்தச் சூழ்நிலையில், அடுத்த கல்லூரி ஆளுக்கு போன் போட்டு "எனக்கு ஒண்ணுமே புரியலை" என்று சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது. சொன்ன பிறகு கிடைத்ததற்குத்தான் இந்த மடல்.

முதலில் மகளிர் கல்லூரி இயற்பியல் மேடத்துக்கு.

மேடம், நான் உங்களிடம் வந்தபோது கையில் 1983 பி.ஏ. வரலாறு வகுப்பின் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதில் ஏழு சாந்தி. எம். சாந்தி, ஆர். சாந்தி, எஸ். சாந்தி இரண்டு பேர், இப்படி. வகுப்பு ஆண்கள் முக்கால்வாசிப் பேரை வாட்ஸ்அப்பில் பிடித்துவிட்டோம், பெண்களில் ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை என்று புலம்பினேன். நீங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்பா இனிஷியல்ல தேடுறீங்க, அவங்க வீட்டுக்காரர் இனிஷியல்ல இருக்காங்க" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியலும் மாறியதுதானே. என்னையே என் கல்லூரி கண்டுபிடித்திருக்காது.

மறுவாரமே எங்கள் படிவத்தில் இரண்டு கட்டம் சேர்ந்தது. ஒன்று, 'படிக்கும்போது இருந்த இனிஷியல்'. மற்றது, 'கூடப் படித்த மூன்று பேர், கடைசியாகக் கேள்விப்பட்ட ஊர்'. இரண்டாவது கட்டம் கொண்டுவந்து சேர்த்த ஆட்கள் ஏராளம். அதைவிடப் பெரிய காரியம், உங்கள் எம்.ஏ. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, 'கடைசியாகப் படித்த கல்லூரி' என்ற கலத்தில் எங்கள் கல்லூரிப் பெயரைத் தேடி வரிவரியாக விரல் வைத்துக்கொண்டு போனது. இங்கே இளங்கலை முடித்த பெண் உங்களிடம் முதுகலை, இன்னொரு ஊரில் பி.எட். என்று போயிருப்பாள். அடுத்த முகவரி அடுத்த கல்லூரியில்தான் இருக்கும். இத்தனை வருடம் இந்தச் சின்ன விஷயம் நம் நான்கு கல்லூரியிலும் யாருக்கும் தோன்றாமல் போனது எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன். முப்பத்தெட்டுப் பெயர் கிடைத்தது. அதில் மூன்று பேர் சாந்தி.

ஆனால் நம்பர் தர மாட்டேன் என்றுவிட்டீர்கள். "நான் கூப்பிட்டுக் கேக்குறேன். சரின்னா அவங்களே உங்களைக் கூப்பிடட்டும்." முப்பத்தெட்டுப் பேருக்கும் நீங்களே பேசினீர்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். எனக்கு அப்போது கோபம்தான். பொன்விழாவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம், இவர் என்ன ஒவ்வொரு நம்பருக்கும் பூஜை போடுகிறார் என்று வீட்டில் போய்த் திட்டினேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் ஒருநாள், ஐம்பது வயது தாண்டிய ஒருவர் இஸ்திரி கலையாத சட்டையும் கையில் ஸ்வீட் பாக்ஸுமாக வந்தார். எங்கள் பழைய மாணவர்தான். ஆசிரியர்களை எல்லாம் பெயர் சொல்லி விசாரித்தார். போகும்போது கூடப் படித்த ஒரு பெண்ணின் நம்பர் வேண்டும் என்றார். என் நோட்டில் இருந்தது, எடுத்துக் கொடுத்திருப்பேன். உங்கள் நினைப்பு வந்து, "நீங்க வந்ததா சொல்றேன் சார், அவங்களே கூப்பிடுவாங்க" என்றேன். "என்ன மேடம், நாங்கல்லாம் ஒரே கிளாஸ்" என்று சிரித்தார். ஆனால் அந்த ஸ்வீட் பாக்ஸை மேசை மேல் வைத்தவர், போகும்போது திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து அவர் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு, "நான் எந்த ஊர்ல இருக்கேன்னு சொல்லலையே மேடம்?" சொல்லவில்லை என்றேன். "நல்ல வேளை" என்று சொல்லி வைத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பயிலரங்குகளில் 'சம்மதம்' என்ற சொல்லைத் திரை முழுக்கப் பெரிதாகப் போட்டுப் பாடம் எடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன் மேடம்.

அடுத்து, பி.டி. சார். உடற்கல்வி இயக்குநர் என்று எழுதினால் உங்களுக்கே யாரைச் சொல்கிறேன் என்று தெரியாது.

முன்னாள் மாணவர் பட்டியல் என்றால் பட்டம் வாங்கியவர்களின் பட்டியல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுங்க டீச்சர். பாஸானவன் டிகிரியை வாங்கிட்டுப் போயிருவான். அரியர் வச்சவன்தான் வருஷா வருஷம் பீஸ் கட்ட வந்து நிப்பான், அவனுக்குத்தான் காலேஜ்ல எல்லாரையும் தெரியும்" என்றீர்கள். சிரித்தேன், ஆனால் அதுதான் நடந்தது. பொன்விழாப் பந்தலுக்கு விடிய விடிய நின்றவர்களில் இரண்டு பேர் இரண்டாம் ஆண்டோடு நின்றவர்கள். ஒருவர் இப்போது லாரி ஷெட் வைத்திருக்கிறார். அன்றைக்கு ஜெனரேட்டர் அவருடையது.

பி.யூ.சி. (அந்தக் காலத்துக் கல்லூரிப் புகுமுக வகுப்பு) படித்த தாத்தா வந்த நாளும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலித்தீன் உறையில் சான்றிதழோடு வந்தார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் பார்த்து, "இதுல மதுரைப் பல்கலைக்கழகம்னு மட்டும் இருக்கு, காமராசர் பேரே இல்லையே" என்று சந்தேகப்பட்டாள். 1966-இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதுதான் பெயர், காமராசர் பெயர் 1978-இல்தான் சேர்ந்தது என்று விளக்க வேண்டியிருந்தது. அதே 1978-இல் மேல்நிலைப் பள்ளிகள் வர, பி.யூ.சி.யும் கல்லூரியை விட்டுப் போனது. ஒரு வருடம் மட்டும் படித்தவரைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று எங்கள் கமிட்டியில் இரண்டு கூட்டம் விவாதம் நடந்தது. போனில் உங்களிடம் கேட்டதற்கு, "அந்த ஒரு வருஷத்தை அம்பது வருஷமாக் கவர் போட்டு வச்சிருக்காரே" என்றீர்கள். அதை அப்படியே மினிட்ஸில் எழுதச் சொன்னேன். எழுதவில்லை, ஆனால் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கல்லூரி வணிகவியல் சாருக்கு நான் பட்ட கடன் பணத்தில் கணக்கிட வேண்டியது.

எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. வருடா வருடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். பீரோவைத் திறந்து பார்த்தால் பல வருடமாக ஒரு காகிதம்கூடப் போகவில்லை. யார் தவறு என்று தேடினால் பாதிப்பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்னொரு கல்லூரிச் சங்கத்தின் கணக்குக்காக நீங்கள் டிபன் பாக்ஸோடு என்னோடு பஸ் ஏறி மூன்று முறை பதிவாளர் அலுவலகம் வந்தீர்கள். வரவேற்பு பெஞ்சில் உட்கார்ந்து, பழைய ரசீதுகளை வருடவாரியாக மடியில் அடுக்கிய கோலம் கண்ணிலேயே நிற்கிறது.

சிங்கப்பூர் நண்பர் விஷயம் இன்னொன்று. ஆய்வகத்துக்குப் பணம் அனுப்புகிறேன் என்று அவர் சொன்னதும், சந்தோஷத்தில் சங்கத்தின் வங்கிக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அனுப்பும் முன் ஏதோ தோன்றி உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "அவர் பாஸ்போர்ட் எந்த நாடு?" இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால் ஆகும். அப்போது 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். எங்களிடம் எதுவுமே இல்லை. அவர் குடியுரிமை மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. தட்டியதை அழித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் வருத்தப்பட்டாலும் கோபிக்கவில்லை. டிசம்பர் விடுமுறையில் வந்து இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் குழு வந்தபோது நீங்கள் மூவரும் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்தாவது அளவுகோலில் 5.4, முன்னாள் மாணவர் ஈடுபாடு. ஒரு வாரம் முன்பு நீங்கள் மூன்று பேரும் நாக் குழுவாகவே வேஷம் போட்டு வந்து எங்கள் முன்னாள் மாணவர்களைக் கேள்வி கேட்டீர்கள். பி.டி. சார் கோட்டு வேறு போட்டிருந்தார், சித்திரை வெயிலில். ஐந்து நிமிடத்தில் இயற்பியல் மேடம் குட்டை உடைத்துவிட்டார்: "இதுல ஒன்பது பேர் இங்கேயே வேலை பாக்குறவங்க. வெளியாள் எங்கே?" அது உண்மை. கூட்டம் சேர்ப்பது சுலபம் என்று எங்கள் ஆசிரியர்களையே முன்னாள் மாணவர்களாக உட்கார வைத்திருந்தோம். அந்த வாரம் முழுக்க ஓடி, ஒரு சத்துணவு அமைப்பாளர், ஒரு வழக்கறிஞர், வாழை மண்டிக்காரர், ஊராட்சிச் செயலர் என்று உண்மையான ஆட்களைப் பிடித்தேன். குழுவினர் வாழை மண்டிக்காரரிடம்தான் அதிக நேரம் பேசினார்கள்.

எங்கள் கல்லூரிக்குள்ளேயும் நன்றி பாக்கி இருக்கிறது. சுயநிதிப் பிரிவில் கணினி அறிவியல் நடத்தும் தம்பி, பழைய கல்லூரி ஆண்டு மலர்களின் பெயர்ப் பட்டியல் வானவில் எழுத்துருவில் இருந்து திறந்தால் கிறுக்கலாக வந்ததை யூனிகோடுக்கு மாற்றி, நான்கு கல்லூரிக்கும் பொதுவாக ஓர் எக்ஸெல் வார்ப்புரு செய்து கொடுத்தார். அதற்கு முன் ஒரு கம்பெனிக்காரர்கள் 'அலும்னி போர்ட்டல்' என்று விற்றது சந்தா முடிந்த அன்றே பூட்டிக்கொண்டது, உள்ளே போட்ட பெயர்களோடு. தம்பியின் எக்ஸெல் இன்னும் ஓடுகிறது. நூலகர் அண்ணனுக்கும், பழைய ரிஜிஸ்டர்களைக் கரையானிடமிருந்து காப்பாற்றிய சூப்பிரண்டு சாருக்கும் நன்றி.

வருத்தம் ஒன்றும் உண்டு. நம் நான்கு பேரின் ஏற்பாடு எந்த ஆணையிலும் இல்லை. ஒருவர் மாறினால் அந்தக் கல்லூரிக் கதவு சாத்திக்கொள்ளலாம். என் இடத்துக்கு வரும் விலங்கியல் மேடத்திடம் உங்கள் மூவரின் எண்களையும் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டுவிட்டுத்தான்.

பீரோ சாவி நூலக கவுன்டரில் இருக்கிறது. ஏழு சாந்திகளில் ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். ஆறாமவர் தேனிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தார் என்று ஒரு படிவத்தின் 'கேள்விப்பட்ட ஊர்' கட்டத்தில் இருக்கிறது. பி.டி. சார், அந்தப் பக்கம் உங்கள் வாலிபால் பையன்கள் யாராவது இருந்தால், விசாரித்து விலங்கியல் மேடத்துக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தமிழ்த்துறையிலிருந்து