எங்கள் பெயரைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டில் எல்லாருடைய அடையாள அட்டையிலும் பெயருக்குப் பின்னால் ‘தண்டல்’ என்று இருக்கும். சாதிப் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. என் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் என்ற இடத்தில் இருப்பதும் அதுதான். நாகப்பட்டினம் பக்கம் வரி தண்டிய, அதாவது வசூலித்த, பெரிய குடும்பம் நம்முடையது என்று அப்பாயி சொல்லித்தான் வளர்ந்தோம். தாத்தாவுக்கும் வேறு எதுவும் தெரியாது. 1943ல் ஜப்பான்காரன் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு அவருடைய அப்பாவைக் கொண்டுபோனபோது தாத்தாவுக்கு ஏழு வயது. போனவர் திரும்பவே இல்லை.

அத்தைக்கு முதல் நன்றி. நான்கு வீடு மாறியும் அந்தப் பழைய பிஸ்கெட் டின்னை அவர் தூக்கிப் போடவில்லை. அதில் துறைமுக வாரியத்தின் மடிந்த வேலைத்தாள் ஒன்று இருந்தது. அதில் இருந்த பெயர் எங்களுக்குத் தெரியாத பெயர். யாரோ நண்பருடையது, பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தோம்.

அந்தத் தாளைப் படித்துக் காட்டியவர் தெலுக் பிளாங்காவில் இருக்கும் ஐயா. தஞ்சோங் பகாரில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். 1964ல் வாரியம் போய் பிஎஸ்ஏ என்ற புதிய துறைமுக ஆணையம் வந்ததைக் கண்ணால் பார்த்தவர். பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் ‘டிண்டல்’ என்று அச்சடித்திருந்ததில் விரலை வைத்து, “இது பேர் இல்லம்மா, வேலை. தண்டல்னா கேங்குக்குத் தலைவர்” என்றார். காலையில் ஆள் கணக்கு எடுப்பது, கப்பலின் எந்த ஹட்சுக்கு, அதாவது சரக்கு இறக்கும் வாய்க்கு, யார் என்று பிரிப்பது, அடிபட்டவனைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் தண்டல்தானாம். தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகளில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்களாம். என் தாத்தா பிறந்ததைப் பதிய லைனில் இருந்து யாரோ போயிருப்பார், அப்பா பேர் என்ன என்று கேட்டிருப்பார்கள், அவரும் வாயில் வழக்கமாக வருவதைச் சொல்லியிருப்பார். ஐயா சொன்னது இதுதான். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் மாடியில் இருக்கும் மலாய்க்கார அம்மா, மக்சிக்கிடம் இதைச் சொன்னபோது, “தண்டில் தானே? கூலிகளுக்குத் தலைவர்” என்று மலாயிலேயே அர்த்தம் சொல்லிவிட்டார். இரண்டு மொழிக்காரர்கள் ஒரே துறைமுகத்தில் ஒரே சொல்லைப் பேசியிருக்கிறார்கள். எதிர்வீட்டிலேயே விடை இருந்திருக்கிறது!

விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் 11வது மாடியில் உதவிய தம்பிக்கு நன்றி. பழைய பத்திரிகைகளில் தமிழ் உச்சரிப்பை வைத்துத் தேடாமல், வெள்ளைக்காரன் எழுதிய எழுத்துக்கூட்டலில் தேடச் சொன்னவர் அவர். கேனிங் ரைஸ் ஆவணக் காப்பகத்தில் இருந்த அம்மாவுக்கும் நன்றி. தமிழில் பதிவான வாய்மொழி வரலாற்று நேர்காணல்களைக் காட்டிக் கொடுத்தார். கப்பலடி வேலையைப் பற்றிக் கேட்கக் கேட்க, நான் பார்த்தே இராத ஒரு மனிதரின் காலைப்பொழுது எனக்குத் தெரிந்தது.

அப்புறம் வேதாரண்யம் பக்கத்து எங்கள் ஊரின் தபால்காரர். வேலைத்தாளில் இருந்த பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி, கதவு எண் இல்லாமல் ஒரு கடிதம் போட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தெரு அலைந்திருக்கிறார். கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் பேரன் போன் செய்தார். “எங்க சின்னத் தாத்தா ரஜுலா கப்பல்ல சிங்கப்பூர் போனவரு, கடுதாசி நின்னு போச்சுன்னு சொல்வாங்க” என்றார். பெயர் அதே பெயர்.

வரி தண்டிய பெருமை போய்விட்டதே என்று சிலர் கேட்டார்கள். எனக்கு இந்தத் தண்டல்தான் பெரியவர். பெயரை மாற்றப் போவதில்லை. கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர், அப்படியே இருக்கட்டும்.

போன மாதம் தாத்தாவிடம் அந்தத் தாளைக் கொடுத்து, அவர் அப்பாவின் பெயரைச் சத்தமாகப் படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.