மூணு புள்ளைங்க போனா கூரை ஒழுகறது நின்னுடுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடங்களுக்கு அரசு பணம் பிரிச்சுக் குடுக்கறதப் பத்தி போன ஞாயித்துக்கிழமை நீங்க போட்ட கட்டுரையில "புள்ளைங்க தலைக்கு இவ்வளவுன்னு குடுக்கறதுதான் உலகம் பூரா நியாயமான முறை"ன்னு ஒரு வரி. உங்க நிருபர் உலகம் பூரா சுத்திட்டு வந்திருப்பாரு போல, ஜவ்வாது மலைக்கு மட்டும் பஸ் கிடைக்கல பாவம்.

நான் அந்த மலையில ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில ஹெச்.எம்.மா இருந்து ரிட்டயர் ஆனவன். சமக்ர சிக்ஷாங்கற ஒன்றிய அரசுத் திட்டத்துல பள்ளி மானியம் எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியாததில்ல, 30 புள்ளைங்க வரைக்கும் 10,000 ரூபாய், 31 ஆயிட்டா 25,000. எங்ககிட்ட 31 இருந்துச்சு, ஒரு குடும்பம் மிளகு பறிக்க கேரளா போச்சு, மூணு புள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு. ஆச்சா, 28. பதினஞ்சாயிரம் போச்சு. மூணு புள்ளைங்க போனா கூரை ஒழுகறது நின்னுடுமா சார்? மிச்சம் பத்தாயிரத்துலயும் பத்து பர்சென்ட் சுத்தத்துக்குன்னு ரூல், அதாவது ஆயிரம் ரூபாய்ல வருஷம் பூரா பினாயில், ஆசிட், தொடப்பம். நோட்டுப் புத்தக மூட்டைய கீழ இருந்து ஏத்திட்டு வர்ற ஆட்டோக்காரர் வாடகைய எந்தக் கணக்குல எழுதறதுன்னு கேட்டேன், ஆபீஸ்ல சிரிச்சாங்க. பணம் வந்ததே மார்ச் மாசம், 31ஆம் தேதிக்குள்ள பில்லு வை.

வெளிநாட்டக் காட்டுறீங்களே, பிரேசில்ல ஃபுண்டெப்ங்கற பள்ளிக்கூட நிதிய பிரிக்கறப்போ கிராமத்துப் புள்ளைக்கு டவுன் புள்ளையவிட ஜாஸ்தி வெயிட் போடறாங்க, அதாவது தலைக்கு ஜாஸ்திப் பணம். ஜப்பான்காரன் 1954லயே மலை, தீவு ஸ்கூலுக்குன்னு தனிச் சட்டம் போட்டு வாத்தியாருக்குப் படி குடுத்தான். அமெரிக்காவுல சொத்து வரிய நம்பி ஸ்கூல் நடத்தறாங்க, ஏழை ஏரியாவுல வரி கம்மி, ஸ்கூலுக்குப் பணமும் கம்மி, இது அநியாயம்னு டெக்சாஸ்ல ஏழைப் பெத்தவங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1973ல அஞ்சு ஜட்ஜு எதிரா, நாலு ஜட்ஜு ஆதரவான்னு தோத்தாங்க. இதுல ஒண்ணுமே கட்டுரையில காணோம், பின்லாந்து கிளாஸ்ரூம் போட்டோ மட்டும் அரைப் பக்கம்.

போட்டோன்னதும் ஞாபகம் வருது. ஏழு வருஷம் முன்ன உங்க ஆளு வந்து எங்க ஒழுகுற சுவத்தைப் படம் புடிச்சாரு, டீ வாங்கிக் குடுத்தேன், பேப்பர்ல ஊர் பேரு தப்பா வந்துச்சு. ரெண்டு தடவ எழுதினேன், பதில் இல்ல. 2024-25ல டெல்லி தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடிய நிறுத்தி வெச்சப்பவும் நீங்க அதை ரெண்டு கட்சி சண்டையாத்தான் எழுதினீங்க. சரி விடுங்க, பெரிய எடம்.

நடிகர் வயசு தப்பாப் போனா திருத்தம்னு ஒரு சின்ன பாக்ஸ் போடுவீங்கள்ல, அதுல ஒரு வரிக்கு எடம் குடுங்க: பள்ளி மானியம் 10,000ங்கறது வருஷத்துக்கு. உங்க கட்டுரையில மாசத்துக்குன்னு போட்டிருக்கு.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்டு ஹெச்.எம்.,
ஜவ்வாது மலை