ஆண்டிபட்டிக் கணவாயில் நின்ற அம்பாசிடர்

மதுரை,
வைகாசி 12

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விட வேண்டாம் என்று சொல்.

அப்பாவின் அம்பாசிடரைப் பற்றிக் கேட்டிருந்தாய். சித்திரையில் மருமகனோடு தேனிக்குக் கிளம்பினேன். செக்கானூரணி, உசிலம்பட்டி வரை ஒரு குறையும் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் திணறித் திணறி நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஆண்டிபட்டி தாண்டி மறுபடியும் நின்றது.

வெயிலில் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும் என்று நினைத்து, பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றினேன். பயனில்லை. மூன்றாம் முறை நின்றபோது ஆறவிடாமல் பானெட்டைத் திறந்து, மருமகனை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லி, பிளக் வயரில் பொறி பார்த்தேன். நீலமாகப் பளிச்சென்று பாய வேண்டியது மஞ்சளாக மெலிந்து, வந்தும் வராமலும் இருந்தது. பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் காயிலில் கை வைக்க முடியவில்லை. ஓடும் வண்டியில் காயில் சுடுவது இயல்புதான். இது தோசைக்கல்லாகச் சுட்டது. அவ்வளவு சூட்டில் உள்ளே இன்சுலேஷன் தளர்ந்து, மின்சாரம் பிளக்குக்கு வராமல் காயிலுக்குள்ளேயே கசிந்துவிடும். ஆறினால் மீண்டும் வேலை செய்யும்.

அது தை மாதம்தான் மாற்றிய புதுக் காயில். வீட்டுக்கு வந்து இரண்டு சிறு முனைகளிலும் வயரைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்து மின்தடையை அளந்தேன்: 1.5 ஓம். நம் வண்டிக்கு வேண்டியது 3 ஓம். 1.5 ஓம் காயில், தனியாக பல்லாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளுக்கானது. வோல்ட்டில் பாதியை அந்த ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும். அப்பாவின் வண்டியில் அது கிடையாது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான பாயின்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர், சூடும் இரட்டிப்பு. பாயின்டும் கருகிப்போயிருந்தது. கடையில் '12 வோல்ட் காயில்' என்று மட்டும் கேட்டு வாங்கியிருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒரே உருவம். ஓம் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

3 ஓம் காயிலும் புதுப் பாயின்டும் மாட்டி, அது திறக்கும் இடைவெளியை 0.4 மில்லிமீட்டராக வைத்தேன். இடைவெளி குறைந்தால் பாயின்ட் அதிக நேரம் மூடியே இருந்து, நல்ல காயிலையும் சூடாக்கிவிடும். போன ஞாயிறு அதே கணவாயை நிற்காமல் ஏறினேன். மேலே ஓரமாக நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்; காயிலில் விரலை வைத்தபடி இருக்க முடிந்தது. அந்த இடத்தில் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

உன் ஃபியட்டின் காயிலையும் அளந்து பார்த்துவிடு. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்துவைத்துப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை விடு. பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் அரை மணியில் காயில் வெந்துவிடும். அளக்கும் முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒட்டவைத்து, அதில் வரும் எண்ணைக் கழித்துக்கொள். எத்தனை ஓம் வந்தது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை