வியன்னாவுக்கு வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று தனியாக எழுது. ஆபீஸ் வேலையாக நவம்பரில் இரண்டு வாரம் இங்கே வரப்போகிறாய் என்று தெரிந்ததும் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் எங்கள் வீடு ஊரின் தென்மேற்குக் கோடி, உன் ஆபீஸ் டான்யூப் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வாரநாட்களில் நீ தனியாகத்தான் சுற்ற வேண்டியிருக்கும், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வியன்னாவில் வழி தெரியாமல் முழிப்பவர்கள் குறைவு. நேரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் விமான நிலையம். வெளியே வரும்போதே பச்சை நிற விளம்பரங்கள் 'சிட்டி ஏர்போர்ட் டிரெயின்' பக்கம் இழுக்கும். அது தனி நிறுவனம், தனி டிக்கெட், விலையும் அதிகம். சாதாரண டிக்கெட் அதில் செல்லாது. உனக்கு வேண்டியது ஓபிபி என்ற அரசு ரயில்வேயின் ரெயில்ஜெட் வண்டி. ஏறக்குறைய அரைமணிக்கு ஒன்று, கால்மணி நேரத்தில் ஹௌப்ட்பான்ஹோஃப் என்ற பிரதான ரயில் நிலையத்தில் விட்டுவிடும். சீட் ரிசர்வ் செய்ய வேண்டியதில்லை. அங்கிருந்து சிவப்பு நிற யு-1 மெட்ரோவில் 'லேயோபோல்டாவ்' திசையில் ஏறினால், மாறாமல் கொள்ளாமல் உன் ஆபீஸ் இருக்கும் கைசர்மூலன் நிலையத்தில் இறங்கலாம். ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு நடக்கும் சுரங்கப்பாதை நீளம். பெட்டியோடு வருவதால் பத்து நிமிடம் கூட வைத்துக்கொள். விமான நிலையம் வியன்னா நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஏழு நாள் நகர டிக்கெட் முன்கூட்டியே வாங்கியிருந்தாலும் அந்தத் துண்டுக்குத் தனி டிக்கெட் வேண்டும். பலர் அபராதம் கட்டுவது அங்கேதான்.

மெட்ரோ நிலையங்களில் நம் ஊர் மாதிரி தடுப்புக் கதவு எதுவும் கிடையாது. நேராக உள்ளே போய்விடலாம். அதனால் டிக்கெட் தேவையில்லை என்று நினைத்துவிடாதே. நுழைவாயிலில் சின்ன நீலப் பெட்டி இருக்கும். காகித டிக்கெட் என்றால் அதில் செருகித் தேதியும் நேரமும் அச்சாக வேண்டும். அச்சாகாத டிக்கெட், இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் ஏறுவார்கள், அபராதம் நூறு யூரோவைத் தாண்டும், 'ஊருக்குப் புதுசு' என்ற சமாதானம் எடுபடாது. போனில் வாங்கினால் முத்திரை வேண்டாம். ஆனால் போன் அணைந்துபோனால் டிக்கெட்டும் போயிற்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர்பேங்க் கையில் இருக்கட்டும். இன்னொன்று, கதவு தானாகத் திறக்குமென்று நிற்காதே. பழைய வெள்ளி நிறப் பெட்டிகளில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், புதியவற்றில் பொத்தான். டிராமிலும் அப்படியே. வெளியே நிற்பவர் பொத்தானை அழுத்தாவிட்டால் ஓட்டுநர் யாரும் ஏறவில்லை என்று கிளம்பிவிடுவார். மெட்ரோவுக்குள் சாப்பிடக் கூடாது, 2019 முதல் எல்லா வழித்தடத்திலும் தடை.

விலாசம் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி ஊர் வந்தாயிற்று. ஊர் மொத்தம் 23 வட்டாரம். பின்கோடின் நடு இரண்டு இலக்கம்தான் வட்டார எண். 1010 என்றால் முதல் வட்டாரம், பழைய நகரம். 1220 என்றால் இருபத்திரண்டு, உன் ஆபீஸ். தெருப்பலகையிலும் பெயருக்கு முன்னால் அந்த எண் இருக்கும். நடு ஊரிலிருந்து வெளியே போகும் தெருக்களில் வீட்டு எண் நடு ஊர்ப் பக்கமிருந்து தொடங்கும், இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. எண் குறைந்துகொண்டே வந்தால் நடு ஊரை நோக்கி நடக்கிறாய், அவ்வளவுதான். 1862இல் கொண்டுவந்த ஏற்பாடு, இன்றும் கூகுள் மேப் சுற்றிச் சுற்றித் திசை காட்டும்போது இதுதான் கைகொடுக்கும். 88/2/14 என்று இருந்தால் 88ஆம் எண் கட்டடம், இரண்டாம் படிக்கட்டு, 14ஆம் கதவு. பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே 'ஹோக்பார்ட்டேர்', அதற்கு மேலே 'மெட்சானின்' என்று இரண்டு தளம் எண்ணில்லாமல் இருக்கும். முதல் மாடி என்பார்கள், ஏறினால் மூன்றாவது.

ஆபீஸ் தரும் அபார்ட்மெண்டில் தங்குவதாகச் சொன்னாய். ஓட்டலென்றால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். தனி வீடென்றால் குடிபுகுந்த மூன்று நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். 'மெல்டெட்செட்டல்' என்ற படிவம், வீட்டுக்காரர் கையெழுத்து அவசியம். இதை வந்து இறங்கியபிறகு கேட்காதே, கிளம்புமுன்பே எச்.ஆரிடம் கேட்டு முடித்துவிடு.

இனி கடை நேரம். சூப்பர்மார்க்கெட்டுகள் வாரநாட்களில் இரவு எட்டு வாக்கில் மூடும், சனிக்கிழமை மாலை ஆறுக்கு. ஞாயிறு முழு அடைப்பு. நம் ஊர் பந்த் தினம் போல ஷட்டர் இறங்கிக் கிடக்கும், வாராவாரம். நவம்பர் 1 புனிதர் அனைவர் நாள், அன்றும் விடுமுறை. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பிராட்டர்ஸ்டேர்ன், ஹௌப்ட்பான்ஹோஃப் இரண்டிலும் ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும், கூட்டம் திருவிழாக் கூட்டம். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினால் பிராட்டர்ஸ்டேர்னில் இறங்கிப் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போ. யு-1 அந்த வழியாகத்தான் போகிறது.

தயிர் வாங்கும்போது கவனம். வெள்ளை டப்பா எல்லாம் தயிரில்லை. 'சவர்ராம்' என்பது புளித்த கிரீம், சாதத்தில் பிசைந்தால் மெழுகு மாதிரி ஒட்டும். 'நட்டூர்யோகுர்ட்', 3.6 சதவீதம் என்று போட்டிருப்பதை எடு. 'பட்டர்மில்ஹ்' நம் மோருக்கு வெகு அருகில் வரும், உப்பு மட்டும் போட்டால் போதும். பானங்கள் வரும் பிளாஸ்டிக் பாட்டில், கேன் பெரும்பாலானவற்றுக்கும் 2025 முதல் 25 சென்ட் டெபாசிட் உண்டு, பால் வகைக்குக் கிடையாது. காலி பாட்டிலைக் கசக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், கவுண்டரில் கழித்துக்கொள்வார்கள். நசுங்கியதை இயந்திரம் திருப்பித் துப்பிவிடும். தண்ணீருக்கு மட்டும் பாட்டில் வாங்காதே. இங்கே குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர். 1873இல் ஒரு குழாய்வழி, 1910இல் இன்னொன்று, இரண்டும் மலையிலிருந்து பெரும்பாலும் சரிவிலேயே இறங்கி வருகின்றன. குளியலறைக் குழாயிலிருந்தே குடிக்கலாம். அம்மா நம்ப மாட்டார், அவரிடம் சொல்லாதே.

சைவம் கிடைக்கும், ஆனால் ஒளிந்திருக்கும் இறைச்சிதான் தொல்லை. மெனுவில் 'ஃபிரிட்டாட்டன்சுப்ப' என்று தோசைக்கீற்று மிதக்கும் சூப்பைப் பார்த்தால் சைவம் போலத் தோன்றும். அது மாட்டெலும்புச் சாறு. காய்கறி சூப்பும் பல இடங்களில் அந்தச் சாற்றில்தான். வதக்கிய முட்டைக்கோஸில் பன்றிக் கொழுப்புத் துண்டு இருக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிடு. 'கேஸஸ்பெட்ஸ்ல' என்ற சீஸ் போட்ட மாவுருண்டை, 'கெர்ம்க்னோடல்' என்ற பெரிய இனிப்புக் கொழுக்கட்டை ஆகியவற்றில் இறைச்சி இராது, முட்டை இருக்கலாம். கெர்ம்க்னோடலுக்குள் பிளம் பழப் பாகு, மேலே கசகசாவும் சர்க்கரையும். ஒன்றே ஒரு வேளைச் சாப்பாடு. சமைக்க முடிந்தால் பருப்பு, மசாலா வகையறாவுக்கு நாஷ்மார்க்ட் பக்கம் போ. அந்தச் சந்தையும் ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை காலை போனால் மேற்குக் கோடியில் பழம்பொருள் சந்தையும் சேர்ந்து நடக்கும், பிற்பகலில் கட்டிவிடுவார்கள்.

காபிக் கடைகளைத் தவறவிடாதே. 'மெலாஞ்ச்' கேள், பால் நுரையோடு வரும். சின்ன வெள்ளித் தட்டில் கப், பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், அந்தத் தம்ளரின் மேல் ஸ்பூனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள், பில்லும் தானாக வராது. 'சாலன் பிட்ட' என்று நீதான் கேட்க வேண்டும். டிப்ஸை மேசையில் விட்டுவிட்டு வருவது இங்கே வழக்கமில்லை. பில் 6.30 என்றால் பணம் கொடுக்கும்போதே 'ஏழு' என்று சொல்லிவிடு. டபரா காபியின் சூடும் திக்கும் இதில் இல்லைதான், ஆனால் அந்த உட்காரும் சுகம் நம் ஊரில் எங்கே இருக்கிறது?

நவம்பர் நடுவில் நாலே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்தால் வெளியே கும்மிருட்டு. அதனால் வெளிச்சம் வேண்டியவை வார இறுதிக்கு, விளக்கொளியில் அழகாக இருப்பவை வாரநாட்களுக்கு என்று பிரித்துக்கொள். முதல் நாளே செய்யக்கூடியது ரிங் சாலையை டிராமில் சுற்றுவது. பழைய நகரத்தைச் சுற்றிக் கோட்டைமதில் இருந்தது. 1683இல் துருக்கியப் படை முற்றுகையிட்டபோது தாங்கி நின்றது அதுதான். 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் அதை இடிக்க உத்தரவிட்டு அந்த இடத்தில் அகலச் சாலை போட்டார். 1865இல் திறப்பு. பெரிய கட்டடமெல்லாம் இதன் ஓரத்தில்தான். ஒரே டிராம் முழு வட்டமும் போகாது, பழைய பயணக் குறிப்புகளை நம்பாதே. ஆபீஸிலிருந்து யு-1இல் 'ஓபர்லா' திசையில் ஐந்தாவது நிறுத்தம் ஷ்வேடன்பிளாட்ஸ். அங்கே 1ஆம் எண் டிராமில் ஷொட்டன்டோர் வழியாகப் போகும் திசையில் ஏறி, வலப்பக்க ஜன்னலைப் பிடி. பல்கலைக்கழகம், ராட்ஹௌஸ் என்ற நகரமன்றம், பாராளுமன்றம், எதிரெதிராக நிற்கும் இரட்டை அருங்காட்சியகங்கள், எல்லாம் அந்தப் பக்கமே வரும். இடப்பக்கம் அரண்மனை. ஓப்பராவில் இறங்கி 2ஆம் எண்ணுக்கு மாறினால் மீதி வளைவை முடித்து ஷ்வேடன்பிளாட்ஸுக்கே திரும்பலாம். அங்கே தெரியும் தண்ணீரை டான்யூப் என்று நினைத்துப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பாதே, அது கால்வாய். நிஜ ஆறு உன் ஆபீஸ் பக்கம் இருக்கிறது. அதன் நடுவே 21 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவு, வெள்ளம் வடிய இன்னொரு வாய்க்கால் வெட்டிய மண்ணில் உண்டாக்கியது. காற்று மட்டும் முகத்தை அறுக்கும். ஸ்வெட்டரைவிடக் காற்று புகாத மேல்ஜாக்கெட்தான் முக்கியம்.

ரிங் ஓரம் நடக்கும்போது நடைபாதையிலேயே சைக்கிள் தடம் ஓடும். எல்லைக்கோட்டைத் தாண்டி அதில் கால் வைக்காதே, சைக்கிள்காரர்கள் வேகம் குறைக்க மாட்டார்கள். வரிக்குதிரைக் கோட்டில் கார் நிற்கும், டிராம் நிற்காது. சட்டப்படியே அதற்கு விலக்கு உண்டு. இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்துவிடு.

வியாழன் மாலை கலை வரலாற்று அருங்காட்சியகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். புருகலின் ஓவியங்களுக்கு ஓர் அறையே உண்டு, 1565இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் படம் அங்கேதான். மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில். ஒரு நாள் ஓப்பராவுக்கும் போய்ப் பார், நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு. உள்ளே போனதும் கைப்பிடிக் கம்பியில் மப்ளரைக் கட்டிவிட்டால் அந்த இடம் உனக்கு, பஸ் சீட்டில் துண்டு போடுகிற அதே வழக்கம்தான். கம்பியிலேயே சின்னத் திரையில் வசனம் ஆங்கிலத்தில் ஓடும். மேல்கோட்டைக் கோட் அறையில் ஒப்படைக்க வேண்டும், கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். நவம்பர் பாதிக்குமேல் ராட்ஹௌஸ் முன்னால் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிடும். சூடான 'புன்ஷ்' வாங்கினால் கோப்பைக்கும் சேர்த்துக் காசு பிடிப்பார்கள், கோப்பையைத் திருப்பினால் காசு கிடைக்கும். மது வேண்டாமென்றால் 'கிண்டர்புன்ஷ்' என்று கேள்.

பகல் வெளிச்சத்துக்கு ஸ்டெஃபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரம். 136 மீட்டர் உயரம், அதில் 343 படி ஏறலாம். வளைந்து வளைந்து ஏறும் குறுகல் வழி, எதிரே இறங்குபவருக்குச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், பை பெரிதாக இருக்கக் கூடாது. ஞாயிறன்று கடை இல்லாத குறைக்கு 71ஆம் எண் டிராமில் மத்தியக் கல்லறைத் தோட்டம். இரண்டாம் வாசலில் இறங்கு, இசைமேதைகள் பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கம் பக்கமாக 32ஏ பிரிவில். நம் வீட்டில் சுடுகாட்டுக்கு யாராவது வேடிக்கை பார்க்கப் போவோமா என்பாய். இங்கே குடும்பத்தோடு போவார்கள்.

மருந்து கையோடு கொண்டுவா. பாரசிட்டமால்கூட மருந்துக்கடையில் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் சனி மதியத்தோடு மூடிவிடும். அவசரமென்றால் மூடிய கடைக் கதவைப் பார், அன்று முறைப்படி திறந்திருக்கும் கடையின் விலாசம் ஒட்டியிருப்பார்கள். உடம்புக்கு என்ன செய்வதென்று கேட்க 1450, ஆம்புலன்ஸ் 144. லேப்டாப்பின் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, உருண்டை இரட்டை முள் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள். போன் சார்ஜர் அப்படியே பொருந்தும்.

அம்மா எனக்கென்று நெய்யும் பால்கோவாவும் கட்டிக்கொடுக்கப் பார்ப்பார். வேண்டாம். ஐரோப்பாவுக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, சுங்கத்தில் பிடித்தால் குப்பைத்தொட்டிதான். கறிவேப்பிலையும் அப்படியே, பச்சைத் தழைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, வற்றல், முறுக்கு எல்லாம் தாராளமாகக் கொண்டுவரலாம். பொடி வகையை நல்ல கவரில் இரட்டையாகக் கட்டி, மேலே என்னவென்று ஆங்கிலத்தில் எழுதச் சொல். வந்து இறங்கும் நாளும் விமான எண்ணும் தெரிந்ததும் எழுது, வார இறுதியென்றால் உன் மாமா ஹௌப்ட்பான்ஹோஃபுக்கு வந்து நிற்பார்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா