நீ மேசை போடுவதற்கு முன்

அன்புள்ள சொக்கு,

இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை என்று கோபமாக இருப்பாய். நான் ஊருக்கு வரும்போது மொத்தமாகத் திட்டித் தீர்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

ஓய்வு பெற்ற கையோடு நாணயக் கண்காட்சியில் பழைய காசு விற்க மேசை போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. ஆர்லாண்டோ கண்காட்சிக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். ஃபுளோரிடா நாணயச் சங்கத்தார் ஜனவரியில் நடத்துவது, அமெரிக்காவின் பெரிய கண்காட்சிகளில் ஒன்று. தெரிந்த வியாபாரி ஒருவர் தம் மேசைக்கு உதவியாளாக என்னைச் சேர்த்துக்கொண்டதால், பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முந்தைய நாளே உள்ளே போக முடிந்தது. உண்மையான சந்தை அன்றுதான் நடக்கிறது, சொக்கு. மறுநாள் காலை வரிசையில் நின்று ஆசையோடு வருகிறவர்கள், வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்று முடித்த காசுகளைத்தான் பார்க்கிறார்கள்.

நாங்கள் விளக்கை மாட்டி முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் வந்துவிட்டார். "புதிதாக என்ன?" என்ற கேள்விதான் அங்கே வணக்கம். எங்கள் பெட்டியில் 1893ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ மார்கன் டாலர் ஒன்று இருந்தது, பழைய அமெரிக்க வெள்ளிக் காசு. அந்த ஆண்டு அந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது ஒரு லட்சம்தான். அதனால் போலிகளும் உண்டு. வேறு ஊரில் அடித்த காசில், சான்பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்தை ஒட்டி ஏமாற்றுவார்கள். அவர் காசை விளிம்பில் பிடித்து, விளக்கடியில் சாய்த்து, உருப்பெருக்கியை வைத்து நேராக 'லிபர்ட்டி' என்ற சொல்லுக்குப் போனார். அசல் காசுகள் எல்லாம் ஒரே முன்புற அச்சில் வந்தவை. ஆகவே அந்தச் சொல்லின் 'டி' எழுத்தில் மயிரிழை போல ஒரு புடைப்புக் கோடு இருக்கும். இருந்தது. விலை பேசினார்கள். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பார்களே, அதே அடக்கம். இரண்டே எண்கள், ஒரு தலையசைப்பு, முடிந்தது.

சிறிது நேரத்தில் அவர் அதை மார்கன் டாலர்கள் மட்டுமே வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றார். மாலைக்குள் அதே காசு மூன்றாவது கைக்குப் போயிருந்தது. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் லாபம். எனக்குத் தாங்கவில்லை. "நாமே கடைசி ஆளிடம் கொடுத்திருக்கலாமே?" என்று எங்கள் வியாபாரியிடம் கேட்டேன். "அவருக்கு அந்தக் காசைக் கேட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர் உண்டு, எனக்கு இல்லை. பணத்தை ஒரு காசில் முடக்கிவிட்டு உட்கார்ந்தால் அடுத்த லாட்டை எதைக் கொண்டு வாங்குவது?" என்றார். அன்று மாலையே அந்தப் பணத்தில் ஒரு பெட்டி அயல்நாட்டு வெள்ளிக் காசு வாங்கினார். அதுதான் அவருக்குக் கைவந்த சரக்கு.

அவர்களுக்குள் விலைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. 1963 முதல் வரும் 'கிரேஷீட்' என்ற மொத்த விலைப் பட்டியல். அதற்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது அவர்களுடைய மரியாதை. ஒருவர் கையில் காசு இருக்கும்வரை அடுத்தவர் வாய் திறப்பதில்லை. கீழே வைத்த பிறகுதான் கேட்கலாம். சொன்ன விலையை எதிராளி ஏற்றுக்கொண்டால், சொன்னவர் பின்வாங்குவதில்லை. பழகியவர்கள் மொத்தமாகக் காசுகளைத் துண்டுச் சீட்டில் குறித்துவிட்டு எடுத்துப் போகிறார்கள், கணக்கைப் பிறகு தீர்க்கிறார்கள். வாக்குத் தவறியவன் பெயர் மாலைக்குள் கூடம் முழுவதும் பரவிவிடும்.

ஒரு வருத்தமும் உண்டு. தங்களுக்குள் வியாபாரம் முடிந்ததும் பலர் கடைசி நாளுக்கு முன்பே மூட்டை கட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தகப்பன் காலி மேசைகளுக்கு நடுவே நின்றதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நீ அப்படிச் செய்யாதே.

இப்போது உன் விஷயம். உன் கோபம் எனக்குத் தெரியும். பழைய பாத்திரக்காரரிடம் நீ போட்ட சண்டையை வாத்தியார் தெரு இன்னும் மறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் பாதி விலைக்குக் கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. அவர் கேட்பது தன் லாபத்துக்கு இடம் விட்டு. முதல் நாள் விற்பதைவிட, சுற்றி வந்து யார் எதில் கெட்டிக்காரர் என்று பார். சேதுபதி காசு தெரிந்தவரிடம் சேதுபதி காசு, டச்சுக் காசு தெரிந்தவரிடம் டச்சுக் காசு. அப்படிக் கொடுத்தால் உனக்கும் உரிய விலை வரும், நாளை உனக்கு வேண்டியதை அவரே தேடி எடுத்து வருவார்.

அப்பா சேர்த்த சோழர் செப்புக் காசுகளை இங்கே அமெரிக்காவில் விற்றுத் தர முடியுமா என்று கேட்டாயே, அது வேண்டவே வேண்டாம். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். அதை நாமாக நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அத்தகையவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமமும் வேண்டும். மேசைக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதை விசாரித்துக்கொள். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம், சொக்கு. அப்பா ஆசையாகச் சேர்த்தது வழக்கில் சிக்கக் கூடாது.

பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பு. ஒவ்வொரு காசின் இருபுறமும் படம் எடுத்து, நகைக்கடைத் தராசில் எடை போட்டு எழுது. எலுமிச்சை தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதே, விலை போய்விடும். மேசை உறுதியானதும் தேதியைச் சொல். விடுப்புக் கிடைத்தால் உன் பக்கத்தில் உட்கார வருகிறேன்.

அன்புடன்,
முத்து