களத்து ரேடியோ வாங்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

படைகளுக்கான தொலைத்தொடர்புக் கருவிகளைத் தேர்வு செய்து, சோதித்து, கொள்முதலுக்குக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ரேடியோ சுற்றுகளை வடிவமைப்பதும், மெஷ் நோட்களை, அதாவது ஒன்றின் செய்தியை ஒன்று வாங்கிக் கடத்தி வலையாக இயங்கும் சிறு ரேடியோக்களை, உயரத்தில் கட்டிவைத்து எது எதுவரை எட்டுகிறது என்று பார்ப்பதும் என் தொழில். நான் சீருடை அணிந்ததில்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முன்வரிசையில் நிற்கும் ஒரு சிறு பிரிவின் கையில் எந்த ரேடியோ இருக்கும் என்பதை, அவர்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும் விலை உயர்ந்த ரேடியோக்களுக்கும் செயற்கைக்கோள் இணைப்புகளுக்கும் அடியில் ஒரு மலிவான மெஷ் அடுக்கு வேண்டும். மற்றதெல்லாம் போன பிறகும் குறுஞ்செய்தியை மட்டுமாவது கடத்தும் அடுக்கு. அதை வாங்கும்போது வேகத்தையும் தூரத்தையும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அடி வாங்கும்போது எப்படி உடைகிறது, உடைந்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இந்தக் கவலை கற்பனையில் வந்ததில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய அதே நேரத்தில், வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் சேவையின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. யாரும் செயற்கைக்கோளைத் தாக்கவில்லை. மோடம்களின் நினைவகத்தை அழிக்கும் நிரலை அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்புகூட அதனால் அறுந்தது. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை உலகம் முழுக்கச் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. அந்த முறை எதிரி கையே வைக்கவில்லை, உள் மென்பொருளில் கோளாறு. உக்ரைன் போர்முனை முழுவதும் இணைப்பு போனது. இரண்டு நிகழ்விலும் வீரன் கையில் இருந்த கருவி உடையவில்லை. எங்கோ இருந்த ஒரு மையம் போனது, அதை நம்பியிருந்த எல்லாமே போனது.

மையமே இல்லாத வலை வேண்டும் என்ற எண்ணம் படைத்துறைக்குப் புதிதல்ல, அங்கேதான் அது வளர்ந்தது. 1970களில் அமெரிக்காவின் படைத்துறை ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய பாக்கெட் ரேடியோ திட்டத்தில், நகரும் வண்டிகளில் இருந்த ரேடியோக்களே ஒன்றின் செய்தியை ஒன்று வாங்கிக் கடத்தின. அப்புறம் பாதை மாறியது. ஒரே பெட்டி எல்லா அலைவரிசையிலும் எல்லா வேலையையும் செய்ய வேண்டும் என்று 1997இல் தொடங்கிய ஜேடிஆர்எஸ் என்ற அமெரிக்கப் படை ரேடியோ திட்டம் பல நூறு கோடி டாலரை விழுங்கியது. அதில் வண்டிகளுக்கான ரேடியோ 2011இல் கைவிடப்பட்டது. அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெட்டியின் தலையில் அத்தனை சுமையையும் ஏற்றச் சொன்ன கொள்முதல் ஆவணத்தில்தான் தவறு இருந்தது.

இப்போது நிலைமை வேறு. பிரான்சில் கிரெனோபிள் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்றில் பிறந்து, 2012இல் செம்டெக் நிறுவனத்தின் கைக்குப் போன லோரா தொழில்நுட்பம், தண்ணீர் மீட்டர் போன்ற சின்னக் கருவிகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் தகவல் அனுப்ப உதவுவது. சுற்றியுள்ள இரைச்சலைவிடப் பலவீனமான சிக்னலைக்கூட அதன் சில்லு பிரித்தெடுத்துவிடும். 2020இல் அந்தச் சில்லுகளை மெஷ் வலையாக இணைக்கும் மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் படித்துத் திருத்தக்கூடிய மென்பொருள், வந்தது. ஒரு சின்ன போர்டு, ஒரு பேட்டரி, ஒரு ஆன்டெனா, கூட ஒரு கைபேசி இருந்தால் போதும், மெஷ் தயார். படைக்கென்று செய்த ஒரு மெஷ் ரேடியோவின் விலையில் இதைப் பெட்டி பெட்டியாக வாங்கலாம்.

இது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இதன் உறுதி அங்கேதான் இருக்கிறது. ஒரு நோட் செய்தியைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்லிவிடாது, சற்றுப் பொறுக்கும். செய்தியை மங்கலாகக் கேட்ட நோட் அனேகமாகத் தொலைவில் இருப்பது, ஆகவே அதற்குக் காத்திருப்பு குறைவு. பலமாகக் கேட்ட நோட் பக்கத்தில் இருப்பது, அது கூடுதலாகக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் வேறொரு நோட் அதே செய்தியைச் சொல்லிவிட்டால் இது பேசாமல் விட்டுவிடும். வரைபடமும் கிடையாது, தலைமை நோட்டும் கிடையாது. முந்திக்கொண்டு பேச வேண்டிய நோட் குண்டடிபட்டுப் போனால், அடுத்தது தன் முறை வந்ததும் பேசிவிடும். யாரும் எதையும் மாற்றி அமைக்க வேண்டியதில்லை. வழக்கமான அமைப்பில் ஒரு செய்தி நோட்டிலிருந்து நோட்டுக்கு மூன்று முறை தாவும், ஏழு வரை கூட்டலாம்.

சரி, இதை அப்படியே வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றால், கூடாது. விற்க வருபவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. வழக்கமான அமைப்பில் சின்னஞ்சிறு செய்தி ஒன்றுக்கே காற்றில் அரை வினாடிக்கு மேல் ஆகிறது. நூறு பேர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தங்கள் இருப்பிடத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 200 செய்தி, அதற்கு 100 வினாடிக்கு மேல் தேவை. நிமிடத்தில் இருப்பதோ 60 வினாடிதான். இதில் ஒரு செய்தியைப் பல நோட்கள் திருப்பிச் சொல்லும் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. மேஜையில் ஆறு நோட்களை வைத்துக் காட்டும் செய்முறை அழகாக ஓடும். அதையே பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு விரித்தால், எல்லோரும் ஒரே சமயத்தில் பேச வேண்டிய அந்த நேரத்தில் வலை திணறிச் செத்துவிடும். ஆகவே இதில் குரல் வேண்டாம், படம் வேண்டாம், வரைபடத்தில் நகரும் புள்ளிகளும் வேண்டாம். "இரண்டு பேர் காயம்", "பாலம் தாண்டியாச்சு", "தண்ணீர் வேண்டும்" போன்ற வரிகள் மட்டும் போகட்டும். பிரிவுக்கு ஒரு வலை, அவற்றைச் சேர்க்க மேலே ஒரு நல்ல ரேடியோ என்று பிரித்து வையுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் நான் யாரோடும் சமரசத்துக்குத் தயாராக இல்லை. மெஷ்டாஸ்டிக்கின் முதன்மைச் சேனலில் தொடக்கத்தில் இருக்கும் சங்கேதச் சாவி உலகத்துக்கே தெரிந்த சாவி. அதை மாற்றிய பிறகும், யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்ற தலைப்பு விவரம் மறைக்கப்படாமலே காற்றில் போகிறது. சேனல் சாவி எல்லோரிடமும் ஒன்றே, ஆகவே ஒரு கருவி எதிரி கையில் சிக்கினால் அந்தச் சேனல் முழுவதும் சிக்கியது போலத்தான். படிப்பது மட்டுமல்ல, அவன் உங்கள் ஆள் பெயரில் செய்தியும் அனுப்பலாம், ஏனென்றால் சேனல் செய்தியில் அனுப்பியவரை உறுதிசெய்யும் கையொப்பம் இல்லை. 2025இல் இன்னொரு குறையும் வெளியானது. சில விற்பனையாளர்கள் ஒரே நினைவகப் பதிவை நகலெடுத்துக் கருவிகளில் ஏற்றியதால், பல கருவிகளுக்கு ஒரே தனிச் சாவி அமைந்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். சரிசெய்ய முடிந்ததே மூலநிரல் திறந்திருந்ததால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பொழுதுபோக்குக்காக எழுதிய மென்பொருளை வீரர்களின் உயிருக்குப் பொறுப்பாக்குவதென்றால், கருவிக்குள் ஓடும் அந்த மென்பொருளை (ஃபர்ம்வேர்) உங்கள் ஆட்களே படித்து, திருத்தி, தொகுத்து, ஒவ்வொரு கருவியிலும் சாவியைத் தனித்தனியாக உருவாக்க வேண்டும். அந்த வேலைக்கான சம்பளத்தையும் ஒப்பந்தத் தொகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கருவி மலிவு என்பதற்காக அதைச் சுற்றிய உழைப்பும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள்.

சாவியை எவ்வளவு பூட்டினாலும் ரேடியோ அலை மறையாது. பேசும் ஒவ்வொரு நோட்டும் தான் இருக்கும் திசையை எதிரிக்குச் சொல்கிறது. மெஷ் வலையில் இது இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உங்கள் பையில் இருக்கும் நோட் மற்றவர் செய்தியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் வீரர்கள் சுமக்கும் நோட்கள் கேட்பவையாக மட்டும் இருக்கட்டும், கட்டளை வந்தால் மட்டும் பேசட்டும். கடத்தும் வேலையை ஆளில்லாத இடத்தில், திரும்ப எடுக்க யாரும் போகத் தேவையில்லாத நோட்களுக்குக் கொடுங்கள். மலிவு என்பதன் உண்மையான பயன் இங்கேதான். இழந்தால் வருந்த வேண்டிய ரேடியோவை மீட்க ஆள் போவார்கள், போன ஆள் திரும்பாமலும் போகலாம். தானாக இருப்பிடம் அனுப்பும் வசதி கிடங்கிலேயே அணைக்கப்பட்டிருக்க வேண்டும், களத்தில் யாரோ ஞாபகமாக அணைப்பார் என்று விடக்கூடாது.

எதிரி வேண்டுமென்றே அலை வீசித் தொடர்பைக் கெடுக்கும் ஜாமிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோரா இரைச்சலைத் தாங்கும் என்பது உண்மை. வேண்டுமென்றே அதே அதிர்வெண்ணில் அடிப்பவனை அது தாங்கும் என்று அர்த்தமில்லை. இந்த மென்பொருளில் ஒரு செய்தி ஒரே அதிர்வெண்ணில்தான் போகிறது, படை ரேடியோக்களைப் போல வினாடிக்குப் பலமுறை அலைவரிசை மாறுவதில்லை. ஆகவே பாதி நோட்கள் 433 மெகாஹெர்ட்ஸிலும் பாதி 868இலும் இருக்கட்டும். அருகருகே இருக்கும் பதுங்குகுழிகளுக்கு நடுவே பழைய தொலைபேசிக் கம்பியையும் விட்டுவிடாதீர்கள்.

இத்தனை குறை சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் வாங்கித் தராவிட்டால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். 2022இல் உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யப் படையினர் பலர் கடையில் விற்கும், சங்கேதமாக்கப்படாத வாக்கி-டாக்கிகளில் பேசினார்கள். பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்கூட அதைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். தொடர்பு அறுந்த வீரன் கையில் கிடைத்ததை எடுத்துப் பேசுவான், அதற்காக அவனைக் கண்டிப்பதில் நியாயமில்லை. நல்ல மாற்று ஒன்று முன்கூட்டியே அவன் பையில் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு பயிற்சிக் களத்தை ஒதுக்குங்கள். வலையை விரித்த பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் நோட்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போங்கள். மூன்றில் ஒரு பங்கு போன பிறகு எத்தனை செய்தி சேர்ந்தது, பாதி போன பிறகு எத்தனை என்று எழுதி வையுங்கள். ஜாமரை இயக்குங்கள். ஒரு நோட்டை உங்கள் சங்கேதப் பிரிவிடம் கொடுத்து, "எதிரியாக இருந்து முடிந்ததைச் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். திசை கண்டறியும் வண்டியை அனுப்பி, எந்த நோட் எவ்வளவு நேரத்தில் பிடிபடுகிறது என்று பாருங்கள். இதையெல்லாம் விற்பனையாளரின் பொறியாளர் இயக்கக்கூடாது. களைத்துப்போய், கையுறையோடு, இருட்டில், ஒரு சாதாரண சிப்பாய் இயக்க வேண்டும். முடிவுகளை மேலதிகாரிகளுக்கு அனுப்புவதற்கு முன் அந்தச் சிப்பாய்க்குக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்பதையும் அறிக்கையில் சேருங்கள்.

டெண்டர் எழுதும்போது இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கூடுதல் பேட்டரி, உடையாத ஆன்டெனா, அதை உயர்த்திப் பிடிக்க மடக்கும் கம்பம், நீர் புகாத உறை ஆகியவை நோட்டோடு ஒரே ஒப்பந்தத்தில் வரட்டும். தரையில் கிடக்கும் நோட்டுக்கும், இரண்டு ஆள் உயரத்தில் கட்டிய நோட்டுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும் வித்தியாசம், எந்த விலை உயர்ந்த சில்லு கொடுக்கும் வித்தியாசத்தையும்விடப் பெரியது. பாகம் பாகமாகப் பிரித்து வாங்கினால் நோட்கள் முதலில் வரும், கம்பங்கள் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போகும்.

அன்புடன்,
ஒரு ரேடியோ பொறியாளர்